சின்ன கம்பெனி, பன்னிரண்டு மணி நேர வேலை: மகன் விலகலாமா?

வணக்கம் அம்மா,

மெக்கானிக்கல் முடித்த மகன் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில், பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டரின் பேரில் பாகங்கள் செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, சம்பளம் 14,000, அதுவும் தள்ளித்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "ஆர்டர் இல்லை என்கிறார்கள், அப்புறம் எப்படி இரவு ஒன்பது மணி வரை வேலை?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. ஆர்டர் குறைந்தால், விலகிப் போனவர்கள் இடத்துக்குப் புது ஆள் எடுக்க மாட்டார்கள். புரோகிராம் போடுவது, இன்ஸ்பெக்ஷன், டிஸ்பேட்ச் எல்லாம் இருக்கிற ஒருவன் தலையில் விழும். முதலாளிக்கும் நெருக்கடிதான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், பெரிய கம்பெனிகள் பல மாதம் இழுத்தடிப்பது சகஜம். மெஷினுக்கு வாங்கிய கடனின் தவணையும் மின்சாரத்தின் நிலைக்கட்டணமும் அதற்காகக் காத்திருக்காது. இது புரிந்தால் கோபம் குறையும். ஆனால் அந்தச் சுமையை உங்கள் மகன் சும்மா சுமக்க வேண்டியதில்லை.

இன்றிரவு அவனிடம் ஒன்று கேளுங்கள்: "போன மாதம் டிராயிங்கைப் பார்த்து, யார் துணையும் இல்லாமல், எந்த ஜாப்புக்கு நீயே செட்டிங் போட்டாய்?" விஎம்சி என்ற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷினில் டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தம்) கொடுத்து, முதல் பீஸை அளந்து, மைக்ரான் கணக்கில் திருத்தியதைச் சொல்கிறான் என்றால், ஒன்றரை வருடம் வரை இருக்கட்டும். பெரிய கம்பெனியில் புதியவனை இவ்வளவு சீக்கிரம் மெஷினைத் தொட விடுவது அரிது. டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போடுவதும் லோடு ஏற்றுவதும்தான் வேலை என்றால் இப்போதே வேறு இடம் தேடட்டும். எதுவானாலும் அடுத்த ஆஃபர் கையில் வராமல் விலக வேண்டாம்.

சம்பள ரசீதை வாங்கிப் பாருங்கள். 14,000 முழுவதும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டிஏ (அகவிலைப்படி) என்றால் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் பிடிப்பார்கள். இஎஸ்ஐக்கு 105 ரூபாய். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்பது உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் அது சம்பளத் தாமதத்தைவிட மோசமான அறிகுறி.

"இன்ஜினியருக்கு ஓவர்டைம் கிடையாது" என்பார்கள். தொழிற்சாலைகளில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டே இருக்கிற விதி. உண்மையான மேற்பார்வையாளருக்கு விலக்கு உண்டு. நாள் முழுக்க மெஷின் ஓட்டுகிறவனைப் பெயருக்கு சூப்பர்வைசர் என்று வைத்துக்கொண்டால் அந்த விலக்கு பொருந்தாது. சண்டை போடச் சொல்லவில்லை. கூடுதல் நேரத்தைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வரட்டும். இன்கிரிமென்ட் பேசும்போது அந்த நோட்டை முன்னால் வைக்கலாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால், மேற்படிப்புக்கோ வங்கிக் கடனுக்கோ தேவை என்று சொல்லி இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.