நம்ம ஹுடுக

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொந்த ஊர் மதுரை, வயது 27. மூன்று வருடங்களாகப் பெங்களூரில் வேலை. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் தமிழ் நண்பர்களோடு தங்கியிருக்கிறேன். 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ்தான்.

2024 மே 18 அன்று சின்னசாமி மைதானத்தில் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி ஓவரின் முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். அடுத்த பந்தில் அவுட். பெங்களூர் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது. சுற்றிலும் எல்லோரும் ஆடிப்பாட, நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இது என் ஊர் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வாழ வந்த ஊரின் அணிக்கு மாறிவிடுவதுதான் நியாயமா? இந்த வயதில் இப்படி ரசிகனாக இருப்பது சிறுபிள்ளைத்தனமா? ஐ.பி.எல். வெறும் வியாபாரம் என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. 2025 ஜூன் 4 அன்று, கோப்பையோடு வந்த பெங்களூர் அணியைப் பார்க்கப் போன கூட்டத்தில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள் அல்லவா, அன்று மாலை அம்மா பதறிப்போய் போன் செய்தார். “நான் அந்தப் பக்கமே போகலம்மா, அது நம்ம டீம் இல்லையே” என்றேன். போனை வைத்த பிறகு ஏனோ வெட்கமாக இருந்தது. இன்று வரை அந்த வெட்கம் போகவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஐ.பி.எல். வியாபாரம்தான். திருவிழாவிலும் கடை போடத்தான் செய்கிறார்கள், அதற்காக யாரும் தேர் இழுக்காமல் இருப்பதில்லை. ரசிகனாக இருக்க வயதும் கிடையாது. அணியையும் மாற்ற வேண்டாம். வீடு மாறும்போது சாமி படத்தைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டா வருகிறோம்? 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேக்குப் போனபோது, ஒரு ரயில் நிறைய ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு பின்னாலேயே போனார்கள். அந்த ரயிலில் போனவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நீங்களும் அந்தக் கூட்டத்து ஆள்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடைசிப் பத்தி. அதிலும் ஒரே ஒரு சொல். ‘நம்ம டீம்’ என்பதில் உள்ள ‘நம்ம’. அந்தச் சொல்லைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். மூன்று வருடம் ஓர் ஊரில் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் கன்னடம் பேசும் மனிதர் ஒருவராவது வருகிறாரா? வீட்டுக்காரர், காவலாளி, பால் போடுகிறவர், தெருமுனைக் கடைக்காரர், யாருமே இல்லை. சுற்றிலும் ஆடிப்பாடினார்கள் என்கிறீர்கள், என்ன பாடினார்கள் என்று எழுதவில்லை. காதில் விழாமலா இருந்திருக்கும்? ‘ஈ ஸல கப் நம்தே’ என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஈ என்றால் இந்த. ஸல என்றால் தடவை. நம்தே என்றால் நம்முடையதே. இதில் உங்களுக்குப் புதிய சொல் ஒன்றே ஒன்றுதான். அதைக்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஊர் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் எப்படி? நீங்கள்தான் ஊரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

தோனி ராஞ்சிக்காரர், தமிழ் பேசியா சென்னைக்காரர் ஆனார் என்று கேட்பீர்கள். அவர் வரும்போது கையில் மட்டையோடு வந்தார், தம்பி. ஐந்து கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். அப்படி எதையும் கொண்டுவராத உங்களுக்கும் எனக்கும் பேச்சு மட்டும்தான் வழி.

நானும் அந்த ஊருக்கு இப்படிப் போனவன்தான். 1994-ல், 22 வயதில். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று சொல்லித்தான் அம்மா என்னை ரயில் ஏற்றினார். பசவனகுடியில் ஒரு வீட்டின் மாடி அறை. கீழே வயதான தம்பதி. முதல் மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. படி ஏறுவேன், படி இறங்குவேன், அவ்வளவுதான்.

எனக்கும் சேர்த்து அந்த அம்மாதான் பால் வாங்கி வைப்பார். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பதற்காக ஒரு கோடு போட்ட நோட்டு. ஒருநாள் அதைக் காட்டி, விரலை வைத்து ‘ஹாலு’ என்று வாசித்தார். பால். நான் திருப்பிச் சொன்னேன். அவர் தன் பல்லைத் தொட்டுக் காட்டி ‘ஹல்லு’ என்றார். எனக்கு ஏதோ பிடிபட்டது. தொட்டியில் இருந்த பூவைக் காட்டினேன். ‘ஹூவு’. பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். ‘ஹத்து’. கையை வளைத்து நெளித்துப் பாம்பு காட்டினேன். சிரித்துக்கொண்டே ‘ஹாவு’ என்றார். நம்முடைய ‘ப’வை எடுத்துவிட்டு ‘ஹ’ போட்டால் பாதி வீட்டுச்சாமான் கன்னடமாகிவிடுகிறது! புலி ஹுலி, பாட்டு ஹாடு. பழைய கன்னடத்தில் இவையும் ‘ப’வில்தான் தொடங்கின, பிறகுதான் மாறின என்று பின்னால் படித்தேன். ‘வ’வுக்கு இதே மாதிரி, ‘பஸ்’ஸில் வருகிற ‘ப’. வா என்பது பா. விரல் என்பது பெரளு. வேர் என்பது பேரு. எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்துவராது, சில இடத்தில் கவிழ்த்தும் விடும். இருந்தாலும் அன்று சாயங்காலம் முழுக்க நானும் அந்த அம்மாவும் இந்த விளையாட்டைத்தான் விளையாடினோம். மூடியிருந்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. மறுநாள் கடையில் போய் நின்று ‘ஹாலு கொடி’ என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரனைப் பார்ப்பது போலவே நடந்துகொண்டார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

இதை உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து கடிதம் எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே புலம்பல்தான். தமிழ்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும், தமிழ்ப் படம் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்னொரு பாஷையில் நாலு வாக்கியம் பேச மூன்று வருடம் போதவில்லை. அந்த ஊருக்கு ஆங்கிலம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலுவலகத்துக்குப் போதும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசப் போதாது. பேசுங்கள், தப்பாகவே பேசுங்கள். தப்பைத் திருத்தவாவது யாரேனும் உங்களோடு நின்று பேசுவார்கள்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

1996 மார்ச் 9. உலகக் கோப்பைக் காலிறுதி, அதே சின்னசாமி மைதானத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும். டிக்கெட் கிடைக்கவில்லை. கீழ்வீட்டில் டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. பாகிஸ்தானுக்கு இலக்கு 288. தொடக்க ஆட்டக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார், பார்க்க முடியவில்லை அவரால். ஆமிர் சோஹைல் வெங்கடேஷ் பிரசாத்தின் பந்தை பவுண்டரிக்கு அடித்துவிட்டு, மட்டையை நீட்டி, அடுத்ததும் அங்கேதான் என்று காட்டினார். அடுத்த பந்தில் ஆஃப் ஸ்டம்ப் காணோம்.

வாசலில் இருந்த மனிதர் எப்படி உள்ளே வந்தார் என்று தெரியாது. என் தோளைப் பிடித்து உலுக்கினார். “நம்ம ஹுடுக! நோடப்பா, நம்ம ஹுடுக!” நம்ம பையன், பாரப்பா, நம்ம பையன். பிரசாத் பெங்களூர்க்காரர். அந்த அறையில் அத்தனை பேர் இருக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அவருடைய விரல் நகம் பதிந்த இடம் ராத்திரி வரை வலித்தது. ஆட்டத்தை 39 ரன்னில் ஜெயித்தோம். நான் மாடிக்குப் போய் ரொம்ப நேரம் தூங்காமல் இருந்தேன். நம்ம. என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வேற்றாளாக நினைத்திருந்தால் ‘எங்க பையன்’ என்றல்லவா சொல்லியிருப்பார்?

தமிழ்க்காது அப்படித்தான் கேட்கும். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. நம்ம என்றால் எதிரே நிற்பவனும் உண்டு, எங்க என்றால் அவன் இல்லை. நீங்கள் அம்மாவிடம் சொன்ன ‘நம்ம’விலும் நீங்கள் இருவரும் இருந்தீர்கள், பெங்களூர் வெளியே இருந்தது. உங்கள் வெட்கம் அங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இறந்துபோன 11 பேரையும் அந்தச் சொல் வெளியே நிறுத்திவிட்டதே என்று உங்கள் மனசு குத்தியிருக்கிறது. ஊர் ஒட்டாத ஆளுக்கு அப்படிக் குத்தாது.

ஒரு வருடம் கழித்துத்தான், இலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, இன்றைய கன்னடத்தில் இந்தப் பிரிவே கிடையாது என்று தெரிந்தது. நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றுதான். நம்ம, எங்க இரண்டுக்கும் ‘நம்ம’ ஒன்றுதான். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அன்று அவர் என்னைச் சேர்க்கவே இல்லையோ? கீழே போய், அரைகுறைக் கன்னடத்தில் வீட்டுக்காரரிடம் விஷயத்தை விளக்கினேன். எங்களுக்கு இரண்டு சொல் இருக்கிறது, உங்களுக்கு ஏன் ஒன்றுதான்?

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “நமகெ ஒந்தே ஸாக்கப்பா” என்றார்.

எங்களுக்கு ஒன்றே போதுமப்பா என்றாரா, நமக்கு ஒன்றே போதுமப்பா என்றாரா, கன்னடத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. நமக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்புடன்.