மீன்தொட்டிக் கேள்வி–பதில்: சின்னக் கடல்மீன் தொட்டிக்கு எந்தப் பில்ரர்?

கேள்வி: எங்கள் வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. இவ்வளவு காலமும் கோல்ட்பிஷ் வளர்த்தேன். இப்போது கடல்மீன் வளர்க்க ஆசை. இரண்டு கோமாளி மீன் இருந்தாலே போதும். கடைக்காரர் கனிஸ்ரர் பில்ரர் வாங்கச் சொல்கிறார். புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாவிட்டால் கடல்மீன் தப்பாது என்கிறார் நண்பர். இரண்டையும் வாங்கக் கையில் காசு இல்லை. எதை வாங்குவது?
— வாசகர், இணுவில்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் கொழுவித் தொங்கவிடும் பில்ரர் ஒன்றும், பவர் பேங்கிலும் ஓடக்கூடிய சின்ன எயார் பம்பில் பூட்டிய ஸ்பொஞ் பில்ரர் ஒன்றும் உங்களுக்குக் காணும். ஏனென்று சொல்கிறேன்.

தண்ணியில் மிதக்கும் தூசியை அள்ளுவதுதான் பில்ரரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது சின்ன வேலை. பெரிய வேலையைச் செய்வது அதற்குள் குடியிருக்கும் பற்றீரியா. மீன் தன் செவுளால் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவதைத் தண்ணி மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். கோல்ட்பிஷ் வளர்த்த கைக்கு இதில் ஒரு வித்தியாசம் பிடிபட வேண்டும். கடல்தண்ணியின் பீஎச், அதாவது தண்ணியின் அமில–காரத் தன்மையைக் காட்டும் அளவு, 8.1 முதல் 8.4 வரை நிற்கும். பீஎச்சும் சூடும் கூடக்கூட, அதே அளவு அமோனியாவில் நஞ்சாக மாறும் பங்கும் கூடும். நல்லதண்ணியில் கோல்ட்பிஷ் தாங்கிய அமோனியா கடல்மீனைக் கொன்றுவிடும்.

இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பில்ரர் தெரிவு செய்வதே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சூடான தண்ணியில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், உப்புத்தண்ணியில் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் கரண்ட் போகும். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லைத்தான். ஆனால் மாரியில் ஒரு காற்று அடித்தால் போதும், வயர் அறுந்து இரவு முழுக்க இருட்டில் இருப்போம்.

கனிஸ்ரர் நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மூடிப் பூட்டிய வாளி. மோட்டர் நின்றால் உள்ளே புதுத் தண்ணி போகாது. அங்கேயிருக்கும் பற்றீரியா மிச்ச ஒட்சிசனையும் எடுத்து முடித்துவிட்டுச் சாகத் தொடங்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கனிஸ்ரர் ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: அழுகிய முட்டை மணம் முகத்தில் அடிக்கும், வெள்ளைப் பஞ்சு விளிம்பில் கறுத்திருக்கும், விரலால் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டர் தானாக ஓடி அந்த அழுக்குத் தண்ணி முழுவதையும் தொட்டிக்குள் தள்ளும். மீன் சாவது கரண்ட் போன நேரத்தில் அல்ல, வந்த பிறகுதான்.

கொழுவும் பில்ரரின் மேல்பக்கம் திறந்திருக்கும். தண்ணி வழிந்து விழும்போதே காற்றையும் சேர்த்துக்கொள்ளும். கரண்ட் நின்றால், ஸ்பொஞ் பில்ரரின் எயார் பம்பை ஒரு பவர் பேங்கில் மாட்டிவிடுங்கள். குமிழி ஓடும் மட்டும் ஸ்பொஞ்சில் இருக்கும் பற்றீரியாவும் மீனும் தப்பும். உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 70 லீற்றர். மணலும் கல்லும் போட்ட பிறகு 60 லீற்றர் என்று வையுங்கள். கடல்மீனுக்கு மணித்தியாலத்துக்குப் பத்து மடங்கு தண்ணியாவது ஓட வேண்டும் என்பது வழமையான கணக்கு. ஆகவே 600 லீற்றருக்குக் குறையாத பில்ரராகப் பார்த்து எடுங்கள். அதனுடன் வரும் காபன் பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செராமிக் வளையங்களை நிரப்புங்கள், பற்றீரியாவுக்கு இடம் கூடும். கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் தண்ணி இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். சில பில்ரர்கள் தானாகத் தண்ணி இழுக்காமல் வெறுமையாக ஓடி மோட்டரை எரித்துவிடும். அப்புறம் வயர் விசயம். உப்பு வயர் வழியே பூத்து ஊர்ந்து போகும். பிளக்குக்குக் கீழே வயர் ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள், வழியும் தண்ணி பிளக்குக்குள் போகாது.

ஸ்கிம்மர் பற்றி. கடல்தண்ணியில் நுண்ணிய குமிழிகளை அடித்து, அவற்றின் மேல் ஒட்டும் புரத அழுக்கை நுரையாக மேலே ஏற்றிக் கிண்ணத்தில் சேர்க்கும் கருவி அது. காங்கேசன்துறையில் அலை அடித்து நுரை தள்ளுகிறதே, அதே வேலைதான். பெரிய தொட்டிக்கும் நிறைய மீனுக்கும் அது தேவை. 60 லீற்றரில் இரண்டு கோமாளி மீனுக்கு, கிழமைக்கு 6 லீற்றர் தண்ணி மாற்றினால் அந்த வேலை நடந்துவிடும். மணலுக்கு அடியில் பூட்டும் தட்டுப் பில்ரர் வேண்டவே வேண்டாம், அழுக்கு அடியில் தங்கிவிடும்.

மிஞ்சும் காசில் முதலில் உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீற்றரும் அமோனியா, நைத்திரைற்று பார்க்கும் சோதனைக் குப்பிகளும் வாங்குங்கள். தொட்டியை ஓடவிட்டு ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டுப் பொறுத்திருங்கள், அது அழுகி விடும் அமோனியாவில் பற்றீரியா பெருகும். அமோனியாக் குப்பி மஞ்சளில் இருந்து பச்சையாகும், பிறகு திரும்ப மஞ்சளாகும். நைத்திரைற்றுக் குப்பி ஊதா நிறத்துக்குப் போய் இளநீலத்துக்கு இறங்கும். இரண்டும் இறங்கிய பிறகே மீன். இதற்கு 4 முதல் 6 கிழமை பிடிக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும் அவசரப்படாதீர்கள்.

தண்ணியை யாழ் நகரத்துப் பண்ணைக் கரையில் அள்ள வேண்டாம். அது களப்பு. மாரியில் உப்புக் குறையும், கோடையில் கடலைவிடக் கூடும், நகரத்து அழுக்கும் சேரும். பருத்தித்துறைப் பக்கம் திறந்த கடலில் பிளாஸ்டிக் கானில் எடுத்து, துணியால் வடித்து, மூடி இருட்டில் சில நாள் வைத்து, ஹைட்ரோமீற்றரில் 1.025 அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்லதண்ணிதான் விட வேண்டும். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணி அதற்குச் சரிவராது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போட்ட பசளை சுண்ணக்கல்லால் இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. பில்ரர் உண்டாக்குவதும் நைத்திரேற்று, நீங்கள் ஊற்றுவதும் நைத்திரேற்று என்றால் எந்தத் தொட்டி தாங்கும்? மழைத்தண்ணியைச் சுத்தமான பரலில் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணி வாங்குங்கள்.

கல்லுக்காகக் கடலில் முருகைக்கல் உடைக்கப் போகாதீர்கள். உயிருள்ள முருகையை எடுப்பது சட்டப்படி குற்றம். அதுவே நமது கரையைக் காப்பதும். நெடுந்தீவில் மதில்களே முருகைக்கல்லில் இருக்கின்றன, பார்க்க அவ்வளவு வடிவு. அவையும் அங்கேயே இருக்கட்டும். கடையில் விற்கும் செயற்கைக் கல் போதும்.

கேள்வி: ஸ்பொஞ்சைக் கழுவிய மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஏன்?
— வாசகி, நெல்லியடி

பதில்: குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் கழுவியிருப்பீர்கள், தங்கச்சி. பற்றீரியா செத்து அமோனியா கூடியிருக்கும். இன்றே கால்வாசித் தண்ணியை மாற்றுங்கள், இரண்டு நாளைக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள், குமிழியைக் கூட்டுங்கள். இனித் தண்ணி மாற்றும் நாளில், தொட்டியில் இருந்து எடுத்த வாளித் தண்ணியிலேயே ஸ்பொஞ்சை இரண்டு மூன்று தரம் பிழிந்தால் போதும். அது புதிதுபோல வெள்ளையாக வர வேண்டியதில்லை.

கேள்வி: சத்தம் கேட்கிறது என்று இரவில் பில்ரரை நிறுத்தலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: கூடாது. எயார் பம்புக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பொஞ் வையுங்கள், சத்தம் குறையும்.