குள்ள முயலும் கடைப்பையனும்: நுகர்வோர் கேள்வி–பதில்

கேள்வி: "இது குள்ள ஜாதி சார், இதுக்கு மேல வளராது" என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்கும் இரண்டு முயல் குட்டிகளை ஒரு செல்லப்பிராணிக் கடையில் விற்றார்கள். ஜோடி 1,600 ரூபாய். ஜிபேயில் கட்டினேன், பில் தரவில்லை. நான்காம் நாள் ஒன்று கழிச்சல் கண்டு இறந்துவிட்டது. கடைக்குப் போனால், அங்கே நின்ற பையன் "உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது" என்கிறான். நாலு பேர் முன்னால் கண்டபடி திட்டிவிட்டு வந்தேன். அவன் போட்டோவோடு கூகுளில் ஒரு ஸ்டார் ரிவ்யூ போடப் போகிறேன். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: போகலாம். போட்டோவை மட்டும் விட்டுவிடுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எல்லாமே 'பொருள்'தான். முயலைப் பொருள் என்று சொல்ல மனசு வராது, ஆனால் இங்கே அது உங்களுக்குச் சாதகம். பில் தராததே அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. எனவே "கேரண்டி கிடையாது" என்று சொன்னதோடு கடையின் பொறுப்பு முடிந்துவிடாது. ஜிபே பதிவு, கடையில் எடுத்த படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சிக்கல் எங்கே என்றால், விற்கும்போதே குட்டிக்குக் கோளாறு இருந்தது என்று காட்ட வேண்டும். "நீங்கள் கண்டதைக் கொடுத்திருப்பீர்கள்" என்று கடைக்காரர் சொல்வார். இறந்த அன்றே உடலை ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் வலுவான ஆதாரம் கிடைத்திருக்கும். இப்போது உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது குட்டியின் வயது.

அது குள்ள ஜாதியே இல்லை, தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த சாதாரணக் குட்டி என்பது என் சந்தேகம். முயல் குட்டி பத்து நாள் வாக்கில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும். பார்க்க அழகாக இருக்கும், சட்டென்று விற்றுப்போகும். ஆனால் அந்த வயதில் குடல் இன்னும் புல்லுக்குப் பழகியிருக்காது. பால் நின்று, தீனி மாறி, பயணமும் சேர்ந்தால் கழிச்சலில் போய்விடும். எட்டு வாரம் முடிந்த குட்டியையே வாங்க வேண்டும். மிஞ்சியிருக்கும் குட்டியை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடையையும் உத்தேச வயதையும் எழுதி வாங்குங்கள். நாலைந்து மாதத்தில் அது இரண்டரை, மூன்று கிலோ ஆகிவிட்டால் 'குள்ள ஜாதி' என்ற கதையும் அம்பலமாகிவிடும்.

இன்னொன்று. 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனையோடு முயலும் வருகிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பல கடைக்காரர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

சரி, அந்தப் பையன். அவன் சம்பளத்துக்கு நிற்பவன். குட்டியை எங்கிருந்து எடுத்தார்கள், எத்தனை நாள் குட்டி என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதலாளி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் அவனிடம் இல்லை. அவன் முகத்தை ஊருக்குக் காட்டினால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது, அவனுக்குத்தான் வேலை போகும். கடையைப் பற்றி எழுதுங்கள்: என்ன தேதி, என்ன சொல்லி விற்றார்கள், என்ன ஆயிற்று, பில் தரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அடுத்த முறை போகும்போது அவனிடம் "அன்னைக்கு உன்கிட்ட கத்தியிருக்கக் கூடாது தம்பி, ஓனர் எப்ப வருவார்?" என்று கேளுங்கள். குட்டிகள் எப்போது வந்து இறங்கின என்பதுகூட அவன் வாயிலிருந்தே வரலாம்.

முதலாளியிடம் நேரில் கேட்டும் மசியாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், 15 நாள் கெடு. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு முயல் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் தகர ஷெட் காலியாக இருக்கிறது. ஆன்லைனில் கம்பிவலைத் தரை போட்ட கூண்டு மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: வேலூரில், மொட்டை மாடியில், தகரத்துக்கு அடியிலா? வேண்டாம். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறும் பிராணி, உங்கள் ஊர் மே மாதத்தில் ஒரு மதியம்கூடத் தாங்காது. வீட்டுக்குள் காற்றோட்டமான மூலை, மின்விசிறி, பாட்டிலில் உறையவைத்த தண்ணீரைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பது: இந்த ஏற்பாடு முடியும் என்றால் வாங்குங்கள். சூடாக இருக்கிறதே என்று குளிப்பாட்டிவிடாதீர்கள். பயத்திலேயே மயங்கிவிடும்.

கம்பிவலைத் தரையும் வேண்டாம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, வெறும் முடிதான். கம்பியில் நின்றே நாளைக் கழித்தால் புண்ணாகிவிடும். அந்தக் காசில் பெரிய தடுப்பு வேலி வாங்கித் தரையில் பாயோ பழைய பருத்தித் துணியோ விரியுங்கள், தாவ இடம் இருக்கும்.

தீனிச் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க மென்றால்தான் அது தேயும், குடலும் ஓடும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு. கடையில் விற்கும் திமோதி ஹே என்ற உலர்புல் வெளிநாட்டுச் சரக்கு, சில மாதத்தில் முயலின் விலையைத் தாண்டிவிடும். மருந்து அடிக்காத அருகம்புல், மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லின் உலர்ந்த தழை கிடைத்தால் செலவு குறையும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வளரும் குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச்சத்து மிஞ்சிப்போகும்.

பிறந்தநாள் ஒரு நாளில் முடிந்துவிடும், முயல் எட்டுப் பத்து வருடம் இருக்கும். அதை மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒருவர் முயல் பண்ணை வைத்திருக்கிறார். எல்லாம் கறிக்கு. "கசாப்புக்காரரிடம் போய் செல்லப்பிராணி வாங்குவதா?" என்று மனைவி கேட்கிறார். போன வாரம் போனபோது என் தங்கை அவர் முகத்துக்கு நேராகவே "பாவம் பண்றீங்க" என்று சொல்லிவிட்டாள். மறுபடி போகவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: அவருடைய பிழைப்பு அவருக்கு. கறி சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் வீட்டு விஷயம், அவர் கொட்டகையில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தங்கைக்காக "ஏதோ சின்னப் புள்ள பேசிட்டா, மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். தினமும் முயலோடு இருப்பவர், பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வாங்குகிறவர் என்ற முறையில் பார்த்தால், நகரத்துக் கடையைவிட நல்ல பண்ணைதான் எனக்கு நம்பிக்கை. குட்டி பிறந்த தேதி எழுதியிருக்கும், தாயைக் கண்ணால் பார்க்கலாம். ஆணா பெண்ணா என்று சரியாகப் பார்த்துச் சொல்வார். இதில் கடைகளில் கோட்டை விடுகிறார்கள். 'இரண்டும் பெண்' என்று வாங்கியதில் ஒன்று ஆணாக இருந்தால், நாலைந்து மாதத்தில் சினை பிடித்து, அடுத்த 31 நாளில் வீடு நிறையக் குட்டி. ஈன்ற அன்றே மறுபடி சினையாகவும் கூடும். ஒரே பாலினமாக இரண்டு வாங்கினாலும் கருத்தடைக்கு மருத்துவரைக் கேளுங்கள். பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வரும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வாங்குமுன் மூக்கு, காதின் உட்புறம், பின்பக்கம் மூன்றையும் பாருங்கள். சளி, சொறி, ஈரக் கழிச்சல் எது இருந்தாலும் "அடுத்த ஈத்துல வாங்கிக்கறேன்" என்று வந்துவிடலாம். குறை சொல்லிவிட்டு வர அவசியமில்லை. அப்புறம், காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினால் "வேண்டாங்க, நானே ஏந்திக்கறேன்" என்று கையை நீட்டுங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு எங்கள் முயல் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. மருந்துக்கடையில் குழந்தைக்குத் தரும் அமாக்ஸிசிலின் சிரப் கேட்டேன். "முயலுக்கா?" என்று சிரித்துவிட்டுத் தர மாட்டேன் என்றார். மருந்து தர மறுப்பது குற்றமில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: சிரித்தது தவறு. தராதது சரி. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரக் கூடாது என்பது ஒருபுறம் இருக்க, அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழிந்து உயிரே போகும். உங்கள் முயலைக் காப்பாற்றியதே அவர்தான், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு ஆகாது.

முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசரம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முயல் பார்க்கும் மருத்துவர் யார், இரவில் யாரைக் கூப்பிடலாம் என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் எல்லா மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை.

கேள்வி: சித்தப்பா கொல்லைக் காட்டில் பிடித்த முயல் குட்டி ஒன்றைப் பாசமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வளர்க்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கூடாது. காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் வழக்காகும். சித்தப்பாவிடம் சட்டம் பேசினால் கோபித்துக்கொள்வார். "இது வீட்டுல தங்காது சித்தப்பா, எடுத்த இடத்தைக் காட்டுங்க" என்று அவரையே கூட்டிக்கொண்டு இன்று சாயங்காலத்துக்குள் கிளம்புங்கள். காட்டு முயல் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும்தான் பிறக்கும். தனியாகப் புல்லில் படுத்திருந்தால் அநாதை என்று அர்த்தமில்லை, தாய் பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, நாயைக் கட்டிப்போடச் சொல்லுங்கள்.