வாங்குமுன் ஒரு கேள்வி: பழைய டிவி கேம்களில் எது?

அண்ணா, டர்பனில் உள்ள ஃபீனிக்ஸில் இருக்கிறேன், வயது 41. சின்ன வயதில் வீட்டில் கோல்டன் சைனா என்ற டிவி கேம் பெட்டி இருந்தது. இப்போது 9 வயது மகனோடு உட்கார்ந்து விளையாட ஒரு பழைய டிவி கேம் வாங்க ஆசை. 2,000 ராண்ட் ஒதுக்கியிருக்கிறேன். அசல் நின்டெண்டோவா, மெகா டிரைவா, பிளேஸ்டேஷனா? 'மினி' வாங்கு என்கிறார் ஒரு நண்பர். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

தம்பி, அதற்கு முன்னால் ஒரு வேலை. வீட்டு டிவியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய டிவிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அசல் பழைய பெட்டி எதை வாங்கினாலும் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் தேவை. மலிவான கன்வெர்ட்டரில் படம் மங்கும். பொத்தானை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் இடையில் ஒரு நொடியின் துளி தாமதமும் விழும். பள்ளத்தில் விழுந்து சாகிற விளையாட்டுக்கு அந்தத் துளி போதும்.

கோல்டன் சைனா விஷயத்துக்கு வருவோம். நம் தலைமுறைக்கு நின்டெண்டோ என்று நினைவில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இது 1983-ல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் நகல். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற நின்டெண்டோவுக்கு 72 முள். அதாவது, அலமாரிக்கு மேலே இன்னும் உங்கள் பழைய கேசட்டுகள் கிடந்தால், காசு கொட்டி வாங்கும் 'அசல்' நின்டெண்டோவில் அவை நுழையவே நுழையாது. இது தெரியாமல் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். கேசட் இருந்தால், பழைய நகல் பெட்டியையே தேடிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அந்த வழிக்கே போக வேண்டாம். இன்னொன்று, வாத்து சுடும் துப்பாக்கி தட்டை டிவியில் வேலை செய்யாது. பழைய குழாய் டிவி படம் வரையும் விதத்தை நம்பித்தான் அது குறி பார்க்கிறது. மகனிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பெருமையடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1988-ல் வந்தது. என் பெரியம்மா வீட்டில் இருந்தது, அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் நம் நாட்டு டிவி முறையான பிஏஎல்லுக்குச் செய்த பெட்டிகள் நொடிக்கு 60 படங்களுக்குப் பதில் 50 படங்கள் காட்டுபவை. பல விளையாட்டுகளை அதற்கேற்பத் திருத்தாமலே விற்றார்கள். முதல் சோனிக் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓடியதைவிட இங்கே ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக ஓடியது, பாட்டும் இழுத்துக்கொண்டு வந்தது. உலகத்திலேயே வேகமான முள்ளெலி என்று விளம்பரம் வேறு! எங்களுக்கு அப்போது வித்தியாசம் தெரியாது. தெரிந்த பிறகு மனசு ஒப்பவில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் மினி, அதாவது விளையாட்டுகளை உள்ளேயே பதித்து நிறுவனமே மறுபடி வெளியிட்ட குட்டிப் பெட்டி, மோசமில்லை. 2016-ல் வந்த நின்டெண்டோ மினியில் 30 விளையாட்டுகள், 2017-ல் வந்த சூப்பர் நின்டெண்டோ மினியில் 21. இரண்டும் எச்டிஎம்ஐ, இரண்டிலும் விளையாட்டுகள் முழு வேகத்தில் ஓடும். 2018-ன் பிளேஸ்டேஷன் கிளாசிக்கை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள 20 விளையாட்டுகளில் 9, அதே மெதுவான பிஏஎல் பதிப்புகள். கடைத்தெருவில் '620 கேம்' என்று பெட்டியில் அச்சடித்து ஒரு குட்டி நின்டெண்டோ விற்பார்கள். அது மினி அல்ல, கோல்டன் சைனாவின் பேரன். நகல் என்று தெரிந்து, நகலுக்குரிய விலை கொடுத்து வாங்குவதானால் சரி.

சரி, என் தேர்வு பிளேஸ்டேஷன் 2. 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி என்பதால் பழைய சாமான் கடைகளில் இன்னும் அகப்படுகிறது. முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் அதில் ஓடும். ஒரே பெட்டியில் இரண்டு தலைமுறை விளையாட்டு. அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடக் கார் பந்தயமும் கால்பந்தும் ஏராளம். இதன் நோய் லென்ஸில்தான். சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர், ஒன்று செத்து மற்றது உயிரோடு இருக்கலாம். அதனால் கடைக்குப் போகும்போது அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க் ஒன்றும், வெள்ளி நிற பிஎஸ்2 டிஸ்க் ஒன்றும் எடுத்துப் போய், இரண்டையும் கால் மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். முதல் படம் வந்ததும் 'ஓகே அங்கிள்' என்று அணைப்பவரிடம் வாங்காதீர்கள். 2,000 ராண்டையும் பெட்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். இரண்டாவது கண்ட்ரோலரும் 8 எம்பி மெமரி கார்டும் இல்லாமல் வாங்கினால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டை.

எனக்கே எனக்கு என்றால் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி. 2003-ல் வந்த, மடித்துச் சட்டைப் பையில் போடும் பெட்டி. திரையில் வெளிச்சம் உண்டு, விளக்கோடு பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கும், எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் அதற்குத்தான் அடிதடி. ஹெட்போன் துளை இல்லை என்பது ஒன்றுதான் குறை. ஆனால் அது தனியாள் விளையாட்டு. நீங்கள் கேட்டது மகனோடு ஆட.

லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வரும்போது சூப்பர் நின்டெண்டோவும் பத்துக் கேசட்டும் கொண்டுவந்தார். நம் மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வாங்கிச் செருகினால் போதுமா?

செருகவே செருகாதீர்கள். அந்த அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்சாரத்தை அல்ல. மச்சான் கொண்டுவந்த மின்கட்டி (பவர் சப்ளை) 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் 230. ஒரு புகை, ஒரு வாசனை, அவ்வளவுதான். 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், அல்லது அந்தப் பெட்டிக்கென்றே செய்த 230 வோல்ட் மாற்று மின்கட்டி வாங்குங்கள். பெட்டி கேட்பது 10 வோல்ட் டிசி. முனை பொருந்துகிறது என்று வேறொரு பெட்டியின் மின்கட்டியைச் செருகுவதும் ஆபத்து.

படம் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வரும். தட்டை டிவிகள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், பழைய குழாய் டிவியில் கறுப்பு வெள்ளையாக வரலாம். மேற்கொண்டு கேசட் இங்கே வாங்கிச் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பிஏஎல் கேசட்டின் வடிவமும் வேறு, உள்ளே இருக்கும் பூட்டுச் சிப்பும் வேறு. இனி கேசட் எல்லாம் மச்சானிடம்தான்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய பொருள் கடையில் மகளுக்குப் பிளேஸ்டேஷன் வாங்கினேன். ஐந்தே வாரம், டிஸ்க்கைப் படிக்கவில்லை. 'ரீஃபண்ட் கிடையாது' என்று போர்டைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை அம்மா. 2008-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், சரிசெய்து தருவதா, வேறு தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்வு செய்கிற உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. பழுதான பொருளுக்கு எதிரே அந்த போர்டு செல்லாது.

ஒரு விலக்கு உண்டு. 'இதில் லென்ஸ் பலவீனம்' என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்காகத் திருப்ப முடியாது. ரசீதை எடுத்துப் பாருங்கள், அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்) புகார் கொடுக்கலாம். ஆனால் இதையே வியாபாரி அல்லாத ஒருவரிடம், விளம்பரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போய் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. அங்கே ஃபுட்ஸ்டூட்ஸ்தான், இருப்பது இருக்கிறபடி. பழுதை அவர் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் மட்டும் பேசலாம்.

கேசட்டை ஊதினால் சரியாகிவிடும் என்கிறாரே என் கணவர்?

டர்பன் முழுக்க நாம் எல்லோரும் ஊதினோம். சரியானது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். எச்சில் ஈரம் பட்டால் தொடுமுனை நாளடைவில் அரிக்கும். பார்மசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு முனைகளைத் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். கணவருக்கு ஊதியே ஆக வேண்டுமென்றால் தேநீரை ஊதட்டும்.