ரத்தம் சுத்தமான பிறகும்

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகனுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய் என்று ஜிப்மரில் கீமோ கொடுக்கிறார்கள். முதல் மாதத்திலேயே ரத்தத்தில் நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இரண்டரை வருடம் வர வேண்டுமாம். முதுகில் ஊசி வேறு. "சரியான பிள்ளையை எதுக்கு வதைக்கிறீங்க, நித்தியகல்யாணி இலையை அரைச்சுக் கொடுங்க" என்கிறார்கள் தெருவில். என்ன செய்வது?

ப., கடலூர் முதுநகர்

அன்புள்ள ப.,

நான் மருத்துவன் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல முடியும். டொனால்ட் பிங்கல்.

அவருக்கு முன்பு, 1947இல், பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்து வந்தது, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வகத்திலிருந்து. படுத்துக் கிடந்த பிள்ளைகள் சிலர் எழுந்து விளையாடினார்கள். எல்லாம் சில மாதங்கள்தான். நோய் திரும்பி வந்தது. பிறகு புது மருந்துகள் வந்தும் கதை பெரிதாக மாறவில்லை. நாளைத் தள்ளிப்போடலாம், குணப்படுத்த முடியாது என்றே பலரும் நினைத்தார்கள்.

பிங்கல் அந்த ஃபார்பரிடம் வேலை பார்த்தவர். டாக்டரான பிறகு போலியோ வந்து படுக்கையில் கிடந்து மீண்டவர். 1962இல் மெம்ஃபிஸில் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கு முதல் இயக்குநர். ரத்தத்தில் காணாமல் போன நோய் எங்கிருந்து திரும்புகிறது என்பதுதான் அவருடைய கவலை. பல பிள்ளைகளுக்கு அது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள சவ்வில் பதுங்கியிருந்தது. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்துகளில் பல அங்கே சரியாகப் போய்ச் சேராது. முதுகில் ஊசி போடுவது அதற்காகத்தான். அவர் தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார். இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதில்லை. அப்புறம், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாதபோதும் உடம்பில் கோடிக்கணக்கில் புற்றணுக்கள் மிச்சமிருக்கலாம். வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது அவற்றைத் தீர்க்கத்தான்.

குழந்தைகளை வதைக்கிறார்கள் என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் பாதிப் பிள்ளைகள் பிழைத்துவிட்டதை அவர் காட்டினார். இன்று நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள், சிகிச்சையை முழுதாக முடித்தால்.

தெருக்காரர்கள் சொல்வதிலும் பாதி நிஜம். வின்கிறிஸ்டின் என்ற மருந்து நித்தியகல்யாணியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கும் ஏற்றியிருப்பார்கள், தடவைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அரைத்த சாற்றில் அது எவ்வளவு இருக்கும், கூடவே இருக்கும் மற்ற நச்சுகள் எவ்வளவு, யார் அளந்து கொடுப்பது? ஏற்கெனவே ஒரு மடக்கு கொடுத்திருந்தால் அடுத்த முறை போகும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.