வாங்குமுன் கேளுங்கள்: திருப்பாலையா, ஊமச்சிகுளமா?

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் மதுரை நத்தம் சாலையில் மனை வாங்க நினைக்கிறேன். திருப்பாலை, ஊமச்சிகுளம் – எது நல்லது?

பதில்: குடியிருக்கவா, போட்டுவைக்கவா என்று எழுதவில்லையே ஐயா! வீடு கட்டி வாடகைக்கு விட என்றால் திருப்பாலை. யாதவர் கல்லூரி இருக்கிறது, மாநகராட்சி எல்லைக்குள்ளும் வருகிறது. ஊமச்சிகுளத்தில் அதே பணத்துக்குக் கூடுதல் சென்ட் கிடைக்கும். 2023இல் மேம்பாலம் திறந்தபின் தல்லாகுளம் போவதும் எளிது. ஆனால் பால் வாங்கவும் மாத்திரை வாங்கவும் நீங்கள் பாலத்தில் ஏறப்போவதில்லை, நடக்கப்போவது கீழே. எந்த ஊரானாலும் ஐப்பசி மழையில் ஒருமுறை மனையைப் போய்ப் பாருங்கள். தரகர் சித்திரை வெயிலில்தான் கூட்டிப்போவார். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போர் எத்தனை அடி, கோடையில் லாரித் தண்ணீரா என்று விசாரியுங்கள். குடியிருக்க என்றாலும் உங்கள் வயதுக்கு என் ஓட்டு திருப்பாலைக்கே.

கேள்வி: எய்ம்ஸ் வருவதால் திருநகரை விடத் தோப்பூரில் லாபம் என்கிறார்கள். உடனே வாங்கலாமா?

பதில்: அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். 'உடனே' என்ற சொல் தரகருடையது.

கேள்வி: அச்சம்பத்தில் விலை கட்டுப்படியாகவில்லை. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை பாதி விலை. முன்பணம் கொடுத்துவிட்டேன். இனி என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கொடுத்துவிட்டுத்தான் கேட்பீர்களா? நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் குத்தும் முத்திரை மனைப்பிரிவுக்குச் செல்லாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அந்த விளம்பர நோட்டீஸ் மட்டும் ஓய்வதில்லை. ஒப்புதல் இல்லாமல் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைச் சட்டபூர்வமாக்கத்தான் வரன்முறைத் திட்டமே வந்தது. அதன் பிறகு ஒப்புதல் இல்லாமல் புதிதாகக் கூறுபோட்ட நிலத்தை மனையாகப் பதிய முடியாது, வங்கியும் கடன் தராது. இதெல்லாம் தெரிந்துதான் 'இப்போதைக்கு விவசாய நிலமாகப் பதிந்துகொள்ளலாம்' என்று தேன் தடவுவார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். நிலத்தின் பழைய பத்திரப்பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், அதற்குக்கூடச் சோம்பலா? சிலைமான் பக்கம் நான் வாங்கிய மனைக்கு வரைபடத்தில் முப்பதடிச் சாலை உண்டு. தரையில் வரப்பு மட்டும்தான். ஒப்புதல் எண்ணை எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், இன்றே.

கேள்வி: ஒத்தக்கடை அருகே ஒரு மனைக்காக, உரிமையாளர் சார்பில் விற்கும் பவர் ஏஜென்ட்டின் வங்கிக் கணக்கில் மூன்று லட்சம் போட்டேன். நில உரிமையாளர் அதற்கு முன்பே இறந்துவிட்டாராம். நான் கணவரை இழந்தவள். பணம் கிடைக்குமா?

பதில்: அம்மா, தவறு உங்களுடையது அல்ல. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் பத்திரம் அன்றோடு முடிந்துவிடும். அதை மறைத்துப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. வங்கி வழியாகக் கொடுத்தது நல்லதாயிற்று, அந்தப் பதிவே சாட்சி. அதையும் இறப்புச் சான்றின் நகலையும் வைத்துக் காவல்துறையில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பணத்தை மீட்கும் உரிமையியல் வழக்குக்கு மூன்றாண்டுதான் கெடு, அதனால் பேச்சுவார்த்தை என்று இழுத்தடிக்க விடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம். மேலும் ஒரு லட்சம் கொடுத்தால் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கித் தருவதாக அந்த ஆள் வருவார். ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

கேள்வி: மனை வாங்கினால் தங்கக் காசு இலவசமாமே?

பதில்: மனையின் விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.