‘தோட்டத்துப் பிள்ளை’ என்று சொன்ன டீச்சருக்கு ஒரு நாள் செயலமர்வு போதுமா?

கேள்வி: கொழும்பில் ஒரு தமிழ்மொழி மூல அரச பாடசாலையில் பகுதித் தலைவியாக இருக்கிறேன். தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் தரம் 8 மாணவி ஒருத்தியை, எங்கள் ஆசிரியை ஒருவர் வகுப்பில் பலமுறை ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று அழைத்ததாகச் சித்தி வந்து முறையிட்டார். ஆசிரியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி ஒன்று வைக்கும்படி அதிபர் என்னிடம் சொல்லிவிட்டார். ஒடுக்குமுறை எதிர்ப்புச் செயலமர்வு நடத்தித் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். ஒரு நாள், 48 பேர், தலைக்கு 4,500 ரூபாய். சாப்பாடும் சான்றிதழும் உண்டு, பதவி உயர்வுக்கும் உதவுமாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். கூட்டிப் பார்த்தால் 216,000 ரூபாய். அதற்குக் கழிவறைக் கதவுகளையாவது மாற்றலாம்.

பதவி உயர்வுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். எந்தப் பயிற்சி கணக்கில் வரும் என்பதை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பும் சுற்றறிக்கைகளும்தான் சொல்லும், பளபளத்த தாளில் அடித்த சான்றிதழ் சொல்லாது. ‘மகரகமவில் எனக்கு ஆள் இருக்கு’ என்பார்கள். தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் இருப்பது உண்மைதான். இவருக்குத் தெரிந்த ஆள் அங்கே இருப்பதால் சான்றிதழுக்குப் பெறுமதி வந்துவிடாது. அங்கீகாரக் கடிதத்தை இலக்கத்தோடும் திகதியோடும் கேளுங்கள். ‘அடுத்த கிழமை தாறன்’ என்றால் விளங்கிக்கொள்ளுங்கள். சங்கப் பணம் பெற்றோரின் பணம். செயற்குழுவில் வைத்துக் கூட்டக் குறிப்பில் பதியாமல் அதைத் தொடவே கூடாது.

இவர்கள் கொண்டுவரும் பவர்பொயின்டைப் பலமுறை பார்த்துவிட்டேன். பெரும்பாலும் கனடாச் சரக்கு. ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் பாடசாலைச் சபைகள் சமத்துவக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அரசு கேட்டது. கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பார்த்து உருவான பயிற்சி அது. அந்த மண்ணுக்குச் சரி. இங்கே அதை அப்படியே தமிழாக்கி, மதிலோரம் பெட்டி வைத்து ஏறி பேஸ்போல் பார்க்கும் மூன்று பேரின் படத்தைக் காட்டி, ‘சமத்துவம் வேறு, ஒப்புரவு வேறு’ என்று அரை மணித்தியாலம் பேசுவார்கள். சொல்ல வருவது இவ்வளவுதான்: எல்லோருக்கும் ஒரே சட்டம் போட்டால் அது நியாயமாகிவிடாது. பெற்றோர் கூட்டத்துக்குத் தாயோ தகப்பனோ வந்தே தீரவேண்டும் என்ற சட்டம் எல்லோருக்கும் பொதுதான், ஆனால் சித்தி வீட்டில் நிற்கும் பிள்ளை மட்டும்தான் அதற்காக வாசலில் நிற்கும். இதைச் சொல்ல ஹோட்டல் சாப்பாடு எதற்கு?

கட்டாயப் பயிற்சியின் பலனை அமெரிக்காவிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பிராங்க் டொபின், அலெக்ஸாண்ட்ரா கலெவ் என்ற சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட கம்பனிகளின் 30 வருடத் தரவுகளைப் பார்த்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வைத்த இடங்களில், ஐந்து வருடம் போன பிறகும் மேல்பதவிகளில் கறுப்பின ஆண்களின் பங்கு கூடவில்லை. கம்பனி வேறு, பாடசாலை வேறு என்று நீங்கள் சொல்லலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வாங்கில் விடைத்தாள் திருத்தும் ஆட்கள் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள்.

அந்தப் பவர்பொயின்டில் நம்முடைய நோய் இருக்காது. கொழும்புத் தமிழ் ஆசிரியர் அறையில் அது ஒரு கேள்வியோடு தொடங்கும்: ‘சொந்த ஊர் எது?’ யாழ்ப்பாணம் என்றால் அடுத்தது ‘எந்தப் பக்கம்?’ பிறகு, ‘எந்தக் கோயிலடி?’ மூன்றாவது பதிலில் சாதி பிடிபட்டுவிடும், அந்தச் சொல் யார் வாயிலும் வந்திருக்காது. ஹற்றன், பதுளை என்றால் இரண்டாவது கேள்வியே கிடையாது. ‘ஆ...’ என்று ஓர் இழுவை, அவ்வளவுதான். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழ்ச் சமூகம் அது. மிச்சமிருந்தவர்களுக்கு வழி திறந்தது 2003 சட்டத்தில்தான். ‘தோட்டத்துப் பிள்ளை’ என்பது வெறும் பகிடி என்று சொல்பவருக்கு இந்த இரண்டு வருடங்களையும் சொல்லுங்கள்.

சரி, செய்வது என்ன? ஆசிரியர் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் எடுங்கள். மாணவத் தலைவர் பட்டியல், தமிழ் மொழித்தினப் போட்டிக்குப் போன பெயர்கள், வகுப்புக் கூட்டும் முறைப்பட்டியல் மூன்றையும் மேசையில் வையுங்கள். நான் ஒரு பாடசாலையில் இதைச் செய்தபோது, ‘தேத்தண்ணி எடுத்துவர யாரை அனுப்புகிறீர்கள்?’ என்று ஆளாளுக்கு ஒரு துண்டில் எழுதச் சொன்னேன். திரும்பத் திரும்ப வந்தது நான்கே பெயர்கள். இடாப்பைப் புரட்டினால் நான்கும் ஒரே தோட்டத்து முகவரி. தேயிலைத் தோட்டம் இல்லை, கொழும்பு வடக்கில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருக்கும் தோட்டம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஒரு டீச்சர் துண்டைத் திருப்பி வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்புறம், ‘அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி விசாரித்துப் படிவம் நிரப்புவதை அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வளவாளரை, அதாவது பயிற்சி நடத்துபவரைக் கேட்கலாம், இலவசம். எப்போது வருவார், எந்த மொழியில் பேசுவார் என்று என்னைக் கேட்காதீர்கள். 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழி. சமத்துவச் செயலமர்வுக்கு எனக்கு வந்த அழைப்பே ஒருமுறை தனிச்சிங்களத்தில் இருந்தது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம். சித்தி கேட்டது பயிற்சியை இல்லை. அவர் ஓர் ஆசிரியை மேல் முறைப்பாடு சொன்னார். அதற்கு 48 பேரையும் உட்கார வைத்தால், ஒருவர் செய்தது ஊரார் செய்ததாகிவிடும், அந்த ஆசிரியை மற்ற 47 பேருக்குள் ஒளிந்துகொள்வார். அதிபர்களுக்கு இது பிடித்த வழி. விசாரணை வேண்டாம், அறிக்கை வேண்டாம், படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடலாம். பிள்ளையின் பெயர் சொல்லப்படாவிட்டாலும் யாருக்காகப் பயிற்சி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அடுத்த நாள் வகுப்பில் அவளைத்தான் பார்ப்பார்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட சம்பவம் என்று வந்துவிட்டால் முதலில் விசாரணை, பயிற்சி பிறகு. அடித்திருந்தாலோ அதைவிட மோசமாக நடந்திருந்தாலோ கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்காமல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை பாகுபாடு கூடாத காரணங்களில் சாதியையும் பிறந்த இடத்தையும் பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. அரச பாடசாலை ஆசிரியரை அது கட்டுப்படுத்தும். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் கழியாது. இதைச் சித்தியிடம் மறைக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் அவரைக் கூப்பிட்டு, முறைப்பாட்டைத் திகதியோடு எழுத்தில் வாங்கி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.